வாங்கின் மேல்

பண்டாரவளை டியூஷன் வகுப்பின் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. பகலிலும் எரியும் டியூப் லைட்டுக்கு நேர் கீழே, உட்காரும் வாங்கின் மேல் ஏறி, உதட்டில் விரல் வைத்தபடி நிற்கிறாள் ஜீவராணி. ஆங்கிலத்தில் ஒலிக்காத எழுத்தை ஒலித்தவர்களுக்கு சார் கொடுக்கும் தண்டனை அது. இன்னொருவர் அதே பிழையை விடும்வரை இறங்க முடியாது. பாவாடைக்குக் கீழே தெரியும் அட்டைக்கடி வடுக்களைக் காட்டிக் காட்டி டவுன் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "தயாளினி, அடுத்தத வாசி," என்கிறார் சார். காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரே குடையில் ஜீவராணியோடு வந்த பக்கத்துக் காம்பராக்காரி எழும்புகிறாள். கத்திக்கான சொல். முதலில் நிற்கும் 'கே'யைச் சொல்லக்கூடாது என்று ஜீவராணிக்கு இப்போது நன்றாகவே தெரியும். தயாளினி "க்..." என்று இழுத்துவிட்டு, சரியா என்று கண்ணாலேயே அவளைக் கேட்கிறாள். உதட்டிலிருந்து விரலை எடுக்காமலே, ஆமென்று மெல்லத் தலையசைக்கிறாள் ஜீவராணி.

"க்நைஃப்."

வகுப்பே சிரிக்கிறது. ஜீவராணி இறங்குகிறாள், அவளுடைய ஈரக் கால்தடத்தின் மேலேயே தயாளினி ஏறி நிற்கிறாள். "நீதானேடி தலைய ஆட்டுன," என்று குனிந்து கேட்கிறாள். ஜீவராணி புத்தகத்தைப் புரட்டுகிறாள்.

"வாயில வெரல வை. சார் பாக்குறாரு."