கடலில்லாத கதை

“படகெடுத்து அடுத்த தீவுக்குப் போவம்,” என்று தாயக்கட்டையை உருட்டினான் வாகீசன்.

“இன்று மலைப்பாதைதான் திறந்திருக்கிறது,” என்றது மடிக்கணினி.

ஆளுக்கொரு வேடம் ஏற்று, மேசையைச் சுற்றியிருந்து வாகீசன், மனைவி, அவள் தம்பி மூவரும் கதை வளர்க்கும் விளையாட்டு அது. கதை சொல்லும் ஏஐ உதவியாளரை வடிவமைத்தவனே வாகீசன்தான்.

“மூண்டாந்தரம்! நெடுந்தீவில இருந்துகொண்டு கடலில்லாத கதையோ அத்தான்? உங்கட கொம்பியூட்டருக்குத் தண்ணியெண்டால் பயமாக்கும்!” மனைவியின் தம்பி பிரவீனன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வாகீசன் சிரிக்கவில்லை. மனம் நோகும் எதுவும் கதையில் வரக்கூடாதென்றால், விளையாடுபவர் அதை உதவியாளரிடம் இரகசியமாகச் சொல்லிவைக்கலாம். சொன்னவர் யாரென்று அது காட்டிக்கொடுக்காது. அப்படித்தான் அவன் அதை அமைத்திருந்தான். கடல் வேண்டாமென்று யாரோ சொல்லிவைத்திருக்கவேண்டும்.

மனைவி ஹம்சத்வனியின் அப்பாவைக் கடல் கொண்டுபோய் ஆறு வருஷம். தேத்தண்ணி போட எழுந்தவளின் பின்னாலேயே அவனும் குசினிக்குள் போனான்.

“மன்னிச்சுக்கொள்ளும் ஹம்சா. உமக்கு நோகுமெண்டு யோசிக்காமல் படகு படகெண்டு நிண்டிட்டன்.”

“நான் ஒண்டும் சொல்லிவைக்கேல்லையே. கதையிலயாவது கடலுக்குப் போக எனக்கு ஆசைதான்.”

“அப்ப ஆர்?”

வெளியே பிரவீனனின் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்டைக்கு அப்பாவோட படகில போய், தனியத் திரும்பி வந்தவன் அவன்தானே. இண்டைவரைக்கும் ஒருத்தரிட்டையும் அதைப்பற்றி வாய் திறக்கேல்லை.”

“நான் கேட்டுப் பாக்கட்டே?”

“கேக்காதேங்கோ. கொம்பியூட்டரிட்டையாவது சொல்லியிருக்கிறான். அவனாக் கடலைக் கேக்கும்வரைக்கும் நாங்கள் மலையிலயே சுத்துவம்.”