பூண் போட்ட கத்தி

லக்ஷ்மிப்ரியா அந்த மடக்குக் கத்தியை நேராகச் சந்திரமௌலியின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்ததோடு நிற்காமல், அவனுடைய ஐந்து விரல்களையும் அதன் மேல் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"ஹேப்பி பர்த்டே மௌலி. என் கையாலயே குடுக்கணும்னு கேட்டல்ல? குடுத்துட்டேன்."

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், மாணவர் விடுதியின் ஆறாவது மாடிச் சமையலறையில் அப்போது ஸ்ரீநிவாஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அது வசதியாகப் போயிற்று. கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

மூவருக்கும் ஒரே வகுப்பு, சனிக்கிழமைதோறும் ஒரே சாம்பார். ஒன்பது மாதமாக லக்ஷ்மிப்ரியாவை மனத்துக்குள் காதலித்ததில் ஸ்ரீநிவாஸ் கண்ட முன்னேற்றம், அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று தெரிந்துகொண்டதுதான்.

மௌலி கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கத்திக்குப் பேர்போன சோலிங்கன் ஊர்ச் சரக்கு மச்சான்! வால்நட் பிடி, ரெண்டு முனையிலயும் பித்தளைப் பூண். பழைய டிசைன்டா, ஒரு கையால திறக்க முடியாது, நகத்தை விட்டு இழுக்கணும். முழுசா விரிஞ்சா லாக் ஆயிடும். கேளு."

டக்.

"கேட்டுச்சு" என்றான் ஸ்ரீநிவாஸ்.

"இல்ல, இன்னொரு தடவை கேளு."

லக்ஷ்மிப்ரியா சிரித்தாள். "ஸ்ரீ, வெங்காயம் போதும். கேரட்டை நறுக்கு" என்று சமையலறைக் கத்தியைக் கழுவி எடுத்து வந்தாள். ஸ்ரீநிவாஸ் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய், மேஜை மேல் கத்தியை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

எப்போதும் இப்படித்தான். தன் விரல் பட்டால் அவளுக்கு ஆகாது போலிருக்கிறது என்று ஸ்ரீநிவாஸ் நினைத்துக்கொண்டான். காபியை மட்டும் கையில் கொடுப்பாள். சூடாக இருப்பதால் சீக்கிரம் கைமாற்றிவிடுகிறாள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

அடுத்த ஒரு வாரம் கத்தியின் வாரம். மௌலி அதை வைத்து ஆப்பிள் நறுக்கினான், கடித உறைகளைக் கிழித்தான், வாழைப்பழத்தைக்கூட அதைக்கொண்டே உரித்தான். ஆர்க்குட்டில் அவன் முகம் இருந்த இடத்தில் கத்தியின் படம் ஏறியது. ஸ்ரீநிவாஸுக்கு முகமே பரவாயில்லை என்று தோன்றியது.

"கனம் ஜாஸ்தி" என்றான்.

"அதான்டா தரம்."

"துருப்பிடிக்கும்."

"எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்." மௌலி தலைக்கு எண்ணெய் வைத்து ஒரு வருடம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீநிவாஸ் ஒரு முடிவுக்கு வந்தான். ஸ்டுட்கார்ட்டில் ஒரு கம்பெனி ஆறு மாதப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தது. சனிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். 'வருகிறேன்' என்று மெயில் எழுதி வைத்தான். அனுப்புவது மட்டும்தான் பாக்கி.

சனிக்கிழமை காலை மௌலி குளிக்கப் போயிருந்தான். கத்தி சமையலறை மேஜையில் கிடந்தது. ஊரைவிட்டுப் போவதற்கு முன் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஸ்ரீநிவாஸ் அதைக் கையில் எடுத்தான்.

குறை கிடைக்கவில்லை. மரப்பிடி உள்ளங்கையில் பொருந்தி உட்கார்ந்தது. பூணுக்கும் மரத்துக்கும் இடையே நகம்கூட நுழையவில்லை. அலகை இழுத்தான், டக் என்று நின்றது. நல்ல சத்தம்தான், சனியன்.

பிறகு அது மூடவில்லை.

அமுக்கினான், மூடவில்லை. தொடையில் முட்டுக்கொடுத்துப் பார்த்தான், மூடவில்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் மேல்படிப்புக்காக ஏழாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவன் அவன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஸ்ரீநிவாஸ் இன்னும் பலமாக அமுக்கினான்.

"பிடிக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருக்கு பாரு, அதை அமுக்கணும்."

வாசலில் காய்கறிப் பையோடு லக்ஷ்மிப்ரியா நின்றிருந்தாள்.

மானம் போனபின் மறைக்க என்ன இருக்கிறது? கத்தியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"மேஜை மேல வை."

வைத்தான். அவள் எடுத்தாள், பள்ளத்தை அமுக்கி மடக்கினாள், மறுபடி மேஜை மேலேயே வைத்தாள். ஸ்ரீநிவாஸுக்கு ஒன்பது மாதமும் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது.

"என் கை பட்டா ஏதாவது ஒட்டிக்குமா? மௌலிக்கு மட்டும் விரலை எல்லாம் மடக்கி மடக்கிக் குடுத்த! நான் ஸ்டுட்கார்ட் போறேன். மெயில் ரெடி, இப்பவே அனுப்பறேன்."

லக்ஷ்மிப்ரியா குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆறு மாசமா லவ் பண்றேன்னு சொல்லிப் பின்னாலேயே வர்றான். எத்தனை தடவை நோ சொன்னாலும் கேக்கல. எங்க வீட்ல கத்தியைக் கைக்குக் கை குடுக்கவே கூடாது, உறவு அறுந்துடும்னு அம்மா திட்டுவாங்க. அதான் கடையில இருந்ததுலயே நல்ல கூரான கத்தியா பார்த்து வாங்கினேன். ஒரு வாரம் ஆச்சு, இன்னும் அறுந்தபாடில்ல."

ஸ்ரீநிவாஸ் விழித்தான். "சரி, அது அவனுக்கு. நான் என்ன பண்ணேன்?"

அவள் பையிலிருந்து கேரட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். சமையலறைக் கத்தியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"உன் கையில என்னைக்காவது கத்தி குடுத்திருக்கேனா?"