கீறல் விழுந்த திருகாணி

மரியதாஸ் தன் வீட்டுப் பட்டறையில் பழைய டப்பாவைத் தரையில் கவிழ்த்ததும் மற்ற சாமான்களோடு திருகாணியும் வெளியே உருண்டது. அதன் தலையில் ஒரு கீறல். கீறல் விழுந்தவற்றையெல்லாம் அவர் காயலான் கடைக்குப் போகும் சாக்குப் பையில் எறிந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, என்னைக் கழிச்சிருவாரா?" என்று பக்கத்தில் கிடந்த நட்டிடம் கேட்டது.

"கத்தாதே. கீறலைத் தரைப் பக்கம் திருப்பிக்கிட்டுப் பேசாமக் கெட."

திருகாணி அப்படியே செய்தது. மரியதாஸ் ஏமாந்தார். கழுவிக் காயவைத்திருந்த ஊறுகாய் பாட்டிலில் அதைப் போட்டு, சுவர்ப் பலகைக்கு அடியில் அறைந்திருந்த அதன் மூடியில் பாட்டிலைத் திருகித் தொங்கவிட்டார். பக்கத்து பாட்டிலில் நட்டு.

"பொழைச்சோம்டா" என்றது நட்டு.

மறுநாள் பட்டறையில் கிடந்த முக்காலியின் கால் ஆடியது. "ஏங்க, ஒரு ஸ்க்ரூ போடுங்களேன். அதான் பாட்டில் பாட்டிலாத் தொங்குதே!" என்றாள் மனைவி எமிலி.

மரியதாஸ் பாட்டிலைத் தொட்டார். திருகாணி கீறலை இன்னும் உள்பக்கம் திருப்பிக்கொண்டது. ஆனால் அவர் பாட்டில் வரிசையின் அழகைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "அடுக்கினதை எதுக்குக் கலைக்கணும்? கடையில வாங்கியாறேன்."

அவர் கடையிலிருந்து திரும்புவதற்குள் எமிலி சாக்கில் கைவிட்டு, கீறல் விழுந்ததென்று அவர் கழித்துப்போட்ட ஒரு திருகாணியை எடுத்து முடுக்கிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாங்கி வந்ததையெல்லாம் மரியதாஸ் திருகாணி இருந்த பாட்டிலில் கொட்டினார்.

திருகாணி வெகுநேரம் முக்காலியையே பார்த்தது.

"அண்ணே, என் கீறல் வெளிய தெரியுதா?"

"தெரியல. பயப்படாதே."

திருகாணி தன் கீறலைக் கண்ணாடிப் பக்கம் திருப்பப் பார்த்தது. மேலே புதுசுகள் நெருக்கிக் கிடந்தன. அசையவே முடியவில்லை.