இரண்டு தட்டுகள்

"உக்காருங்கக்கா. பரீட்சை என் எலிகளுக்கு, படபடப்பு உங்களுக்கா?" என்றாள் கேரட்.

ஆரஞ்சு நிறத் தீனியைப் பிசைந்து பிசைந்து விரல்களில் நிறம் ஏறிப்போனதால் ஆய்வகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இயக்குநர் எதற்கெடுத்தாலும் "கேரட்டைக் கேளுங்க" என்கிறார். பதினொரு வருஷமாக எலிக்கூண்டுகளோடு மாரடிக்கிற அக்காவுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

காலியாக இருந்ததோ ஒரே ஒரு பிரிவுத் தலைவர் பதவி. கேரட்டின் சோதனை ஜெயித்தால் அவளுக்கு. ஊற்றிக்கொண்டால் அக்காவுக்கு.

பெருங்குடலில் புற்று வரவழைத்த அறுபது எலிகள். பாதிக்கு ஆன்டிஆக்சிடன்ட் கலந்த கேரட்டின் தீனி, மீதிக்கு வெறும் தீனி. ஆறு மாதம் முடிந்து, குடல்களெல்லாம் இப்போது குடுவைகளில். எது எந்தத் தீனி என்று சீட்டு ஒட்டிய இரண்டு தட்டுகளில் அவை அடுக்கப்பட்டிருந்தன. கட்டிகளை எண்ண வெளியிலிருந்து வந்தவர் உள்ளறையில் மூன்று நாளாக மைக்ரோஸ்கோப்பை விட்டு நகரவில்லை.

"ஜெயிக்கும்னு தோணுதாக்கா?"

"யாருக்குத் தெரியும்? எதுக்கும் மனசைத் தேத்தி வச்சுக்கோ" என்றாள் அக்கா. குரலில் கரிசனம் வழிந்தது. உள்ளுக்குள் பதவி நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று.

இயக்குநர் ஒரு தாளோடு வந்தார். முகமெல்லாம் பல்.

"வெறும் தீனி தின்ன எலிக்குச் சராசரி ஒன்பது கட்டி. நம்ம கேரட் தீனிக்கு மூணுதான். இனிமே பிரிவுத் தலைவர் நீதாம்மா."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கேரட் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பதவி கிடக்கட்டும்கா. எங்கப்பாவுக்கும் இதே குடல் புற்றுதான். யார்கிட்டயும் சொல்லல. எலிக்கு என்ன ஆகுதுன்னு தெரியாம குடுக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் பொறுத்தேன். இன்னையிலேருந்து அவருக்கும் இதையே கலந்து குடுக்கப் போறேன்."

போன வாரம், கேரட்டைக் கவிழ்ப்பதற்காக, அந்த இரண்டு தட்டுகளின் சீட்டுகளையும் மாற்றி ஒட்டியது அக்காதான். ஒன்பது கட்டி வந்தது கேரட்டின் தீனியைத் தின்ற எலிகளுக்கு.