இடது கன்னக் குழி

“இது என் பெண்டாட்டி இல்ல சார். அவளுக்குக் கன்னத்துல குழியே கிடையாது.”

மாப்பிள்ளை போட்டோவை மேஜைமேல் இன்ஸ்பெக்டர் பக்கமாகத் தள்ளினான்.

“அவசரப்படாம பாருங்க. வெளியூர்ல ஒரு பேக்கரி. போன வாரம்தான் இந்தப் பொண்ணு வேலைக்குச் சேர்ந்திருக்கு. கடை கேமராவுல பதிவானது.”

“சாயல் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இவளைப் பாருங்க, ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கறா, இடது கன்னத்துல இவ்ளோ பெரிய குழி. ஆறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தவன் சார் நான். எனக்குத் தெரியாதா?”

பக்கத்து நாற்காலியில் மாமனார் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர். மகள் காணாமல் போய்ப் பதினோரு நாள். இரண்டு முறை பிணவறைக்குக் கூட்டிப்போய்த் துணியை விலக்கிக் காட்டினார்கள். இரண்டு முறையும் ‘இல்லை’ என்று தலையாட்டிவிட்டு, வாசலிலேயே வாந்தி எடுத்தார். பாவி மனுஷன்! மூன்று தடவை அவள் பெட்டியோடு வந்து நின்றபோதும், “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று பஸ் ஏற்றிவிட்டவர் அவர்தான். கடைசித் தடவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பெரியவரே, பெத்தவர் நீங்க பார்த்துச் சொல்லுங்க. ஆமான்னா இன்னிக்கே ஜீப் அனுப்பிக் கூட்டிட்டு வந்து மாப்பிள்ளைகிட்ட ஒப்படைச்சிடறேன். இல்லேன்னா... எங்ககிட்ட வேற தடயம் கிடையாது. ஃபைலை மூட வேண்டியதுதான்.”

அவர் போட்டோவை வாங்கி, பழக்க தோஷத்தில் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“என்ன மாமா, நம்ம ஆளு இல்லதானே?”

“மாப்பிள்ளை சொல்றது சரிதான் சார்” என்றார். “இது என் மக இல்ல.”

இன்ஸ்பெக்டர் உச்சுக்கொட்டிவிட்டு ஃபைலை மூடினார். மாப்பிள்ளை வண்டியை எடுக்கப் போனான்.

ஸ்டேஷன் படியில் அவர் அப்படியே உட்கார்ந்தார். இனி மகளைத் தேடவும் முடியாது, போய்ப் பார்க்கவும் முடியாது. சின்ன வயதில் அவள் வாய்விட்டுச் சிரிக்கும்போதெல்லாம், அந்த இடது கன்னக் குழியில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தி விளையாடிய அப்பன் அவர். ஆறு வருடத்தில் அந்த வீட்டில் ஒரு நாள்கூட அந்தக் குழி விழவில்லை என்பது இன்றுதான் அவருக்குத் தெரிந்தது.