மீசைக்கு முழு மார்க்

மைசூர் ரயில் நிலையம் தசராக் கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்தது. பெண்கள் காத்திருக்கும் அறைக்குச் சற்றுத் தள்ளி, தகரப் பெட்டியோடு தனியாக நின்ற ஐவி, ஊருக்குப் புதியவள் போல முழிக்கப் பெரும்பாடு பட்டாள்.

எல்லாம் ஜூடித் டீச்சரின் ஏற்பாடு. வேலை வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டிப் பெண்களைக் கூட்டிப்போய் விற்றுவிடும் ஆட்களை எப்படி அடையாளம் காண்பது என்று பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இன்று பரீட்சையும் வைத்துவிட்டார். நாடகக் கம்பெனியில் இருக்கும் டீச்சரின் தம்பி பர்னபாஸ் அப்படிப்பட்ட ஆளாக வேடம் போட்டு வருவார். மாணவிகள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஏமாறாமல் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

இதில் தேறினால்தான் பெங்களூருக்கு நர்ஸ் படிப்பு என்று அப்பா கொர்னேலியஸ் கறாராகச் சொல்லியிருந்தார். ஐவி பயத்தோடு வருவோர் போவோர் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்தாள்.

ஜரிகைத் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக ஒருவன் வந்தான்.

"ஏம்மா, தனியாவா நிக்கிறே? பம்பாய் வர்றியா? டாக்கிப் படத்துல சேத்து விடறேன். டிக்கெட்கூட ரெடி."

அவ்வளவுதான், ஐவியின் பயம் பறந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வீட்டுல சொல்லாதேன்னு சொல்லணுமே? மறந்துட்டீங்களாண்ணா?" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அவனுக்கு வியர்த்தது. "ஆ... ஆமா. சொல்லாதே."

"கொஞ்சம் இனிக்க இனிக்கச் சொல்லுங்க. இப்படி உளறினா எவ வருவா?"

அவன் மெல்ல நழுவப் பார்த்தான். பரீட்சையைப் பாதியில் விடுவதா? ஐவி எட்டி அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். கையோடு வரவில்லை. நல்ல பசைதான் என்று மெச்சிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தாள். அவன் போட்ட அலறலில் போலீஸ்காரர் சித்தையன் ஓடி வந்தார்.

"ஏனு கலாட்டே இது?" என்று கன்னடத்தில் அதட்டினார்.

"பொண்ணுங்கள ஏமாத்திப் பம்பாய்க்குக் கூட்டிட்டுப் போறவரு சார்!"

சித்தையன் அவன் பையைக் கவிழ்த்தால் பம்பாய் டிக்கெட்டுகள் விழுந்தன.

"இனிமே இந்தத் தொழிலே வேண்டாம் சாமி! மொதல்ல இந்தப் பொண்ணுகிட்டருந்து காப்பாத்துங்க!" என்று சித்தையனின் காலில் விழுந்து கதறினான். மீசைக்கு ஏற்கெனவே முழு மார்க் போட்டிருந்த ஐவி, இந்த அழுகைக்கும் போட்டாள்.

சித்தையன் விலங்கு மாட்டி அவனை இழுத்துப் போனதும்தான் அவளுக்குப் பாவமாகிவிட்டது. டீச்சர் உட்கார்ந்திருந்த காத்திருக்கும் அறைக்கு ஓடினாள்.

"டீச்சர், நான் தேறிட்டேன்! சீக்கிரம் போய் உங்க தம்பிய விடச் சொல்லுங்க. நெசமாவே விலங்கு மாட்டிட்டாங்க!"

ஜூடித் டீச்சர் வாய் திறப்பதற்குள், பாதி ஒட்டிய மீசையை விரலால் அழுத்திப் பிடித்தபடி ஓர் ஒல்லி ஆள் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, பசை இப்பதான் காயுது. நான் மொதல்ல எந்தப் பொண்ணுகிட்ட போகணும்?"