காலைச் சுற்றிய பூனை

அந்த வீட்டு வாசலில் தன் புருஷனுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்ததும் வெண்மதிக்கு வயிறு எரிந்தது. சுற்றி அத்தனை பேர் நிற்க, அவனிடம் மட்டும் அப்படி ஓர் ஒட்டுதல், அப்படி ஓர் உரசல்.

உரசியது ஒரு செவலைப் பூனை. வாலைக் கொடிக்கம்பம் போல நிமிர்த்திக்கொண்டு நேராகச் செம்பியனிடம் வந்தது. அவன் பேன்ட்டில் கன்னத்தைத் தேய்த்தது, பிறகு ஷூவின் மேலேயே மல்லாந்து படுத்துப் புரண்டது.

எதிர்வீட்டுக் கலியமூர்த்தியின் தங்கைக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். கடலூரிலிருந்து தெருவே வேன் பிடித்து வந்து, மண்டப வாசலில் பந்திக்காகக் காத்து நின்றது. பூனை வந்தது மண்டபத்தை ஒட்டிய வீட்டிலிருந்து.

அதைத் தேடிக்கொண்டு அந்த வீட்டுக்காரி ஜெயராணி வெளியே வந்தாள். தலைக்குக் குளித்த முடியை விரித்துப் போட்டிருந்தாள். வெண்மதிக்கு அந்த முடியே பிடிக்கவில்லை.

"பயப்படாதீங்க சார். தூக்கப் போனாதான் பிறாண்டும். கையை நீட்டிட்டு சும்மா நில்லுங்க, மோந்து பாத்துட்டு அதுவே போயிடும்" என்று ஜெயராணி சிரித்தாள். செம்பியனும் கையை நீட்டியபடி சிரித்தான். தன்னிடம் அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று வெண்மதிக்கு நினைவே இல்லை.

அவனைத் தனியே இழுத்துப்போய், இந்த வீட்டுக்கு எத்தனை நாளாகப் போக்குவரத்து என்று கேட்டாள். இந்தத் தெருவுக்கே இன்றுதான் வருகிறேன் என்றான் அவன். அவள் நம்பவில்லை.

பிறந்த வீட்டில் பூனைகளோடு வளர்ந்தவள் அவள். முகம் தெரியாத ஆள் என்றால் பூனை வாலைத் தாழ்த்திக்கொண்டு தள்ளியே உட்காரும், பார்க்காததுபோலப் பார்க்கும். இப்படி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து காலில் விழுவது வீட்டு மனுஷர்களிடம்தான்.

இந்த மனுஷனுக்காக அவள் எவ்வளவு செய்திருக்கிறாள். செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் நாள் முழுக்க முழங்கால் வரை ரப்பர் கம்பூட் போட்டு நிற்கிறவனுக்குக் கெண்டைக்காலில் சொறி. விஷயம் வெளியே தெரிந்தால் கான்ட்ராக்டர் வேலையை விட்டு நிறுத்திவிடுவான், உன் அம்மாவிடம்கூட மூச்சு விடாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

அதை மறைக்கத்தான் கல்யாணத்துக்குக்கூட வேட்டி கட்டாமல் பேன்ட்டும் ஷூவுமாக வந்திருந்தான். பெற்ற தாயிடமே மறைத்துக் காப்பாற்றுகிறவளுக்கு இந்தத் துரோகமா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

விறுவிறுவென்று மண்டபத்துக்குள் போய்ப் பையை எடுத்தாள். பக்கத்துப் போர்ஷன் இளவரசி குறுக்கே வந்து கையைப் பிடித்தாள். காலையில் வெண்மதி ஜவுளிக்கடை வேலைக்குப் போகும்போது வீட்டுச் சாவியையே அவளிடம் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்குப் பழக்கம்.

இப்படியே மேல்பட்டாம்பாக்கத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன், இனி அந்த ஆளோடு வாழ மாட்டேன் என்றாள் வெண்மதி. பூனை புரண்டது, ஜெயராணி சிரித்தது, இவன் இளித்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினாள்.

"போறதுக்கு முன்னாடி அவள நாலு கேள்வி கேக்காம வுட மாட்டேன். பஸ்ஸு போனா போவட்டும்."

"அக்கா, கல்யாண வீட்ல மானம் போயிடும், கொஞ்சம் பொறுங்க" என்று கெஞ்சினாள் இளவரசி. வெண்மதி கையை உதறிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். இளவரசிக்கு வேறு வழி தெரியவில்லை, ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"அந்தப் பூனைக்கு அண்ணன யாருன்னே தெரியாதுக்கா. சொறிக்குக் குப்பைமேனிய வேரோட அரைச்சுப் போட்டா அப்பிடித்தான். அந்த வேரு வாசம் குளிச்சாலும் போவாது, எந்த ஊரு பூனையா இருந்தாலும் வந்து காலச் சுத்தும்."

வெண்மதி அப்படியே நின்றாள். பிறந்த வீட்டுக் கொல்லையில் பிடுங்கிப்போட்ட குப்பைமேனிச் செடியின் மேல் பூனைகள் கிறங்கிப்போய்ப் புரண்டது அவளுக்கு நினைவு வந்தது. இது தெரிந்தும் ஒரு பாவமும் அறியாத பொம்பளையிடம் சண்டைக்குப் போக இருந்தோமே என்று வெட்கமாகிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேவிட்டாள். நீ மட்டும் இல்லாவிட்டால் என் குடும்பமே இன்றைக்குச் சந்தி சிரித்திருக்கும் என்று இளவரசியின் தோளைக் கட்டிக்கொண்டாள். இளவரசி பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த செம்பியனைப் பார்த்து வெண்மதி சமாதானமாகச் சிரித்தாள், அவனுக்கும் போன உயிர் வந்தது.

இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். துடைத்துக்கொண்டிருந்த வெண்மதியின் கை பாதி இலையில் நின்றது. அவள் இளவரசியின் பக்கம் திரும்பினாள்.

"நான் அவருக்கு மெடிக்கல்ல வாங்கின ஆயின்மென்ட்டுதான போடறேன், இளவரசி."